பல்செட் டப்பாவுக்குள் நீராவி

தலைவரின் எஞ்சின் நின்றுகொண்டிருக்கும்போதும் ஓடுகிற சத்தம் போடும். ஓட ஆரம்பித்தால் இன்னும் மோசம். சக்கரம் ஆடி அசைந்து சுற்றும். சத்தம் மட்டும் நாய் துரத்தினவன் மாதிரி இரைக்கும். கால் ஒரு பக்கம் நடக்க, செருப்புச் சத்தம் இன்னொரு பக்கம் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி. கரி அள்ளிப் போடும் ஆள் பொம்மைகூட வைத்த பொம்மை நீராவி எஞ்சின் அது; உள்ளே ஓடுவது பேட்டரி மோட்டார். ஊதினால் லாரி ஹாரன் வரும்.

தோட்டத்தில் தண்டவாளம் போட்டுப் பொம்மை ரயில் ஓட்டும் எங்கள் தோட்ட ரயில் குழுவில் யார் எதை ஓட்டினார், எப்படி ஓடியது என்ற பதிவை எழுதுகிறவன் நான். அதனால் மாதத்துக்கு ஒரு முறை அந்தச் சத்தத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. ஆனால் என் வயிற்றைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. அந்தச் சத்தத்துக்கு என்னைவிடப் பல மடங்கு முகம் சுளித்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

குழுவில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். பல் டாக்டர் இல்லை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்துக் கொடுப்பார். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, தாடையைப் போலவே ஒன்றை வார்த்து, அதன்மேல் பல்செட் கட்டுவது இவர் வேலை. மீசை அரும்பும் முன்பே தாய்மாமாவின் பட்டறையில் மாவு கரைக்க உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. நக இடுக்கில் எப்போதும் ஈறு நிறத்தில் ஒரு ரோஜாக் கோடு இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், பல்லைப் பார்ப்பார்.

"முதல் தடவை என்னைப் பார்த்தப்பவும் அப்படித்தான்" என்று அவர் மனைவி சொல்வார். "கண்ணைப் பாக்கல, மூக்கைப் பாக்கல. நேரா கடைவாய்க்குப் போயிட்டார். மாட்டுச் சந்தையில நிக்கிற மாதிரி இருந்துச்சு."

"நல்ல பல்லு, அதான் கட்டிக்கிட்டேன்" என்பார் இவர், சிரிக்காமல்.

நாள் முழுக்கப் பொய்ப்பல் கட்டுகிற அந்த மனிதருக்குப் பொய்யைக் கண்டால் குமட்டும். இதைச் சொல்லி நாங்கள் கிண்டல் செய்தால் அவரிடம் ஒரே பதில்தான். "பல்லு பொய்யா இருக்கலாம்ணே. கடி பொய்யா இருக்கக் கூடாது." மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும், மெல்லுகிற வேலை நடக்க வேண்டும் என்பது அதற்கு அர்த்தம். பல்செட்டுக்குச் சொன்னதை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார். கதவு சட்டத்தில் சரியாக உட்காரவில்லை என்றால் கடி சரியில்லை. மைத்துனர் வீட்டில் உபசாரம் கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் கடி சரியில்லை.

ஒரு காலத்தில் அவருக்குச் சொந்தமாகத் தண்டவாளம் இருந்தது. அப்பா வீட்டின் பின்தோட்டத்தைச் சுற்றி, செடிகளுக்கு நடுவே, கணுக்கால் உயர மேடு கட்டிப் போட்டிருந்தார். பாகம் பிரித்தபோது பின்பக்கம் அண்ணனுக்குப் போயிற்று. அண்ணனுக்குக் கார் நிறுத்த இடம் தேவைப்பட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கித் தரக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. அப்படியே மேலே சிமெண்டைக் கொட்டிவிட்டார். ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு முழ நீளத்துக்குத் தண்டவாளம் சிமெண்டுக்கு மேலே தெரிகிறது, செத்த பாம்பின் முதுகைப் போல. பல்லுக்காரர் அண்ணன் வீட்டுக்குப் போனால் முன்வாசலோடு திரும்பிவிடுவார்.

இப்போது இருப்பது இரண்டாவது மாடியில் இரண்டு அறை. எஞ்சின் பழைய துண்டில் சுற்றி அலமாரியின் தலையில் கிடக்கும். ஆஸ்பத்திரித் தொட்டில் அளவுக்கு நீளம், தூக்கினால் தோள் இறங்கும். அது ஓட உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம்: தலைவர் வீட்டுத் தோட்டம்.

தலைவர் குளியலறை ஓடு வியாபாரி. தோட்டம் பெரியது, புல்தரை, மீன்தொட்டி, ஒரு மேடு, மேட்டைக் குடைந்து ஒரு குகை. குகைக்குள் கடையில் விற்காமல் மிஞ்சிய நீலப் பூப்போட்ட ஓடுகளைப் பதித்திருக்கிறார். ரயில் உள்ளே போகும்போது யாரோ குளிக்கப் போவது போல இருக்கும். ஸ்டேஷன் பக்கத்தில் குடை நிழலில் அவருடைய பிரம்பு நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் ஒரு கூட்டத்தில் சட்டம் போட்டார்.

"இங்க பாருங்க. பார்வை நாள்ல ரயில் பார்க்க வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க, அந்த ஒரு எஞ்சின் மட்டும் ஏன் சத்தமே இல்லாம போகுதுன்னு. பொணத்தை வண்டியில வெச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு. அடுத்த பார்வை நாள்ல இருந்து சத்தம் இல்லாத எஞ்சின் தண்டவாளத்துல ஏறக் கூடாது."

மற்ற எல்லோரும் தலைவர் மூலமாகவே, எஞ்சினுக்குள் ரயில் சத்தம் போடும் கம்பெனி அட்டை வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். சத்தமில்லாத எஞ்சின் ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் பல்லுக்காரரைப் பார்த்தோம்.

"தலைவரே, அந்த அட்டை விலைக்கு நான் ரெண்டு எஞ்சின் வாங்கிடுவேன்."

"அப்ப ரெண்டு பொணம் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பல்லுக்காரர் விடவில்லை. "ரெண்டு சிலிண்டர் எஞ்சின், சக்கரம் ஒரு தடவை சுத்துனா நாலு தடவை மூச்சு விடணும். உங்க எஞ்சின் எத்தனை தடவை விடுதுன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா?"

"யாருங்க அதைப் போய் எண்ணுவாங்க?"

"நான் எண்ணுவேன்."

"எண்ணுங்க, எண்ணுங்க. ஊரான் வாயில பல்லு எண்ணிப் பழகின கைதானே."

அதற்கும் சிரித்தார்கள். பல்லுக்காரர் துண்டை எடுத்து எஞ்சினைச் சுற்றினார். பச்சைக் குழந்தையைக் குளிரில் வெளியே எடுத்துப் போகிறவர் மாதிரி, மூக்குவரை மூடினார். வாசல்வரை நான் கூடப் போனேன். "இவங்களோட சத்தத்தைக் கேட்டா எனக்கு வாயைக் கொப்பளிக்கணும் போல இருக்குண்ணே" என்றார். "ஆனா இந்தத் தோட்டம் போச்சுன்னா இதை நான் எங்க ஓட்டுவேன்? அலமாரி மேலயா?"

அன்றிலிருந்து அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை பட்டறை ஆயிற்று. செலவைக் குறைக்க அவர் செய்ததை, அவர் சொன்னபடியே எழுதுகிறேன், யாருக்காவது உபயோகப்படும். செல்போன் ரிப்பேர் கடையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பாட்டு பாடும் அட்டை கிடைக்கிறது. பேசும் பொம்மைகளுக்குள் இருப்பது அதுதான். சக்கர அச்சில் நான்கு பொடிக் காந்தங்களை ஒட்டினார். அச்சுக்குப் பக்கத்தில், காந்தம் நெருங்கினால் மூடிக்கொள்ளும் ஒரு சின்னக் கண்ணாடிக்குழல் சுவிட்ச். ஒவ்வொரு காந்தம் கடக்கும்போதும் அட்டை ஒரே ஒரு மூச்சுச் சத்தத்தை விடும். சக்கரம் நின்றால் சத்தமும் நிற்கும். மேட்டில் திணறினால் சத்தமும் திணறும். சக்கரமே வாசிக்கிறது, நடுவில் வேறு யாரும் இல்லை.

ஸ்பீக்கர் ஓர் உடைந்த ரேடியோவில் இருந்து வந்தது. அதை வெறுமனே வைத்தால் கொசு ரீங்காரம்தான். பின்பக்கம் காற்றுப் புகாத பெட்டி ஒன்று இருந்தால்தான் நெஞ்சிலிருந்து வருகிற சத்தம் வரும். எஞ்சினுக்குப் பின்னால் மாட்டும் கரிப்பெட்டி வண்டிக்குள் நுழைகிற அளவில் பெட்டி தேடினார். தேட வேண்டியதே இல்லை. வேலை செய்யும் பல் பட்டறையில் நூறு கிடந்தது: பல்செட் வைத்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பா. மூடியில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரை வைத்து, இடுக்கைப் பல்மெழுகால் அடைத்தார்.

"யாரோ பல்லைக் கழட்டி வெச்ச டப்பாவா அது?" என்று அவர் மனைவி கேட்டார்.

"புதுசு. யாரும் தொடாதது."

"புதுசோ பழசோ, சாப்பாட்டு மேஜையில அதை இன்னொரு நாள் பார்த்தேன்னா, உங்க தட்டுல வெச்சுப் பரிமாறிடுவேன்."

டப்பா தயார், உள்ளே போட மூச்சுதான் இல்லை. செல்போனில் எங்கெங்கோ இருந்து ரயில் சத்தங்களை இறக்கிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுளிப்பு. "எல்லாம் பொடி கரைச்ச ஆரஞ்சு ஜூஸ்ணே. ஆரஞ்சையே பார்க்காதவன் கரைச்சது." சைக்கிள் பம்ப்பை அடித்துப் பார்த்தார். சொந்த வாயால் ஊதிப் பார்த்தார்; மனைவி எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

அப்புறம்தான் தன் காலடியிலேயே நீராவி இருப்பது அவருக்கு உறைத்தது. பல்செட்டில் ஒட்டிய மெழுகைப் போக்க, பட்டறையில் நீராவி பீய்ச்சும் கருவி ஒன்று உண்டு. காலால் மிதித்தால் 'ஃபுஸ்' என்று ஒரு பீய்ச்சல். அசல் நீராவி! பட்டறையின் கழுவுதொட்டியில் காலி எண்ணெய் டின்னைச் சாய்த்து வைத்து, அதன் வாய்க்குள் பீய்ச்சினார். டின் நெஞ்சுக்கூடு மாதிரி அதிர்ந்தது. துண்டில் சுற்றிய செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பதிந்தார். ஒரே மூச்சைத் திரும்பத் திரும்ப விட்டால் அது எந்திரம், கொஞ்சம் மாறி மாறி வந்தால்தான் உயிர் என்று, பன்னிரண்டு பீய்ச்சல்களைப் பொறுக்கி வரிசையாக அட்டையில் ஏற்றினார்.

பட்டறை இருப்பது பல் மருத்துவமனையின் பின்னறையில். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். முன்னால் இருந்து டாக்டரம்மா வந்து கேட்டார். "அட, கண்ணை மூடுனா ரயில்ல உக்காந்த மாதிரியே இருக்கே!" இரண்டாம் முறையும் போடச் சொன்னார். முழங்கால் வலி வரும்வரை அதே மருத்துவமனையில் டோக்கன் கொடுத்தவர் பல்லுக்காரரின் மனைவி. அவரும் கேட்டுவிட்டு, "இதாவது காதுல ஏறுது" என்றார். அந்த வீட்டில் அதுவே பொன்னாடை.

பார்வை நாள் வந்தது. தோட்டத்தில் நல்ல கூட்டம். தலைவரின் எஞ்சின் வழக்கம்போல நின்ற இடத்தில் இரைத்து, லாரி ஹாரன் ஊதி, குளியலறைக்குள் போய் வந்தது. பிறகு பல்லுக்காரர் துண்டை அவிழ்த்தார்.

எஞ்சின் நகர்ந்தது. ஃபுஸ்... ஃபுஸ்... ஃபுஸ்... ஃபுஸ்... நான் சக்கரத்தைப் பார்த்தேன். ஒரு சுற்று, நான்கு மூச்சு. சமதரையில் வேகம் பிடித்ததும் மூச்சுகள் நெருங்கி ஒட்டிக்கொண்டன. பேசிக்கொண்டிருந்தவர்கள் தண்டவாளத்தை நெருங்கி வந்தார்கள். நான் எழுதுவதை நிறுத்தினேன். பல வருடமாகக் கெட்ட எண்ணெயில் பொரித்ததைத் தின்ற வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் கிடைத்தது போல இருந்தது. எஞ்சின் மேட்டில் ஏறத் தொடங்கியது. வேகம் குறைந்தது, மூச்சும் கனத்து இறங்கி, ஒவ்வொன்றும் தனித்தனியாக, முழுசாக வந்தது. ஃபுஸ்... ஃபுஸ்... ஃபுஸ்...

"உவ்வ்வெக்!"

தொண்டையின் அடியிலிருந்து, ஈரமாக, மனதார வந்த குமட்டல். ஒரு மனிதன் தன் குடலையே வெளியே அழைக்கிற சத்தம். முதலில் கூட்டத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்தோம். எஞ்சின் இன்னும் பதினோரு முறை அழகாக மூச்சு விட்டது. மறுபடியும், "உவ்வ்வெக்!"

ஓர் அம்மா கடித்த பிஸ்கட்டைத் தட்டில் திருப்பி வைத்தார். தலைவர் வாயில் இருந்த டீயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தார். குழந்தைகள் மட்டும் விழுந்து புரண்டு சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் பல்லுக்காரர் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே பூரிப்போடு நடந்து போய்க்கொண்டிருந்தார். என்னைக் கடக்கும்போது குனிந்து கேட்டார்.

"என்னண்ணே, எல்லாரும் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க? கடி சரியா இல்லையா?"

"கடி சரியா இருக்கு. வாந்திதான் வருது."

"உங்களுக்கா?"

"எஞ்சினுக்கு."

அவருக்குப் புரியவில்லை. மீன்தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய், எஞ்சினைக் கவிழ்த்துப் பிடித்து, விரலால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். குமட்டல் வந்தது. "இதோ" என்றேன்.

"எது?"

மறுபடியும் சுற்றினேன். "இதோ, இது!"

"அது நீராவி முடியுற இழுப்புண்ணே."

வேறு வழியில்லாமல் நானே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். இந்த வயதில், பிறர் தோட்டத்தில், மீன்களுக்கு முன்னால். அப்போதுதான் அவர் முகம் மாறியது. காதை டப்பாவோடு ஒட்டி, தானே சுற்றிக் கேட்டார்.

"ஐயோ" என்றார். "இது அச்சு எடுக்குற சத்தம்."

பல்லச்சு எடுக்கும்போது ஒரு கரண்டி நிறைய பசையை வைத்து மேல்வாயில் அழுத்திப் பிடிப்பார்கள். பசை உள்நாக்குப் பக்கம் வழியும். பாதிப் பேருக்குக் குமட்டும். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து மாலைவரை நடப்பது அதுதான். அவர் நீராவி பதிந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். சமதரையில் எஞ்சின் வேகமாகப் போனால் அடுத்த மூச்சு வந்து அந்தக் குமட்டலை அமுக்கிவிடும். மேட்டில் மெதுவாகப் போகும்போது முழுசாக வெளியே வரும். ஆயுள் முழுக்க அதைக் கேட்டதால் பல்லுக்காரருக்கு அது சத்தமாகவே படவில்லை. டாக்டரம்மாவுக்கும் படவில்லை. டோக்கன் கொடுத்த மனைவிக்கும் படவில்லை. சாக்கடை ஓரம் குடியிருக்கிறவனிடம் போய் நாற்றம் அடிக்கிறதா என்று கேட்ட கதை.

தலைவர் டீயை எப்படியோ விழுங்கிவிட்டு வந்தார். "இந்த அசிங்கத்தை எடுத்துட்டுப் போங்க முதல்ல. இது குடும்பத்தோட வர்ற இடம்."

அடுத்த வாரம் பல்லுக்காரரின் மனைவி எனக்குப் போன் செய்தார். "என்ன மந்திரம் போட்டீங்க அண்ணா? மனுஷன் மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டு வர்றாரு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் உவ்வேங்கறானாம், இந்தப் பக்கம் இவரும் உவ்வேங்கறாரு. இத்தனை வருஷம் கேக்காதது இப்பத்தான் கேக்குதாம்."

போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். மாவு கரைக்கும் வாசனைகூடப் பிடிக்கவில்லை என்றார். வார்த்து வைத்த தாடைகள் வரிசையாகத் திறந்திருப்பதைப் பார்த்தாலே எல்லாம் ஒன்றாக ஓங்கரிக்கிற மாதிரி இருக்கிறதாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அந்தப் பக்கம் யாரோ குமட்டினார். பல்லுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். திரும்பி வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆனா எஞ்சினை விட்டுட மாட்டேன்" என்றார்.

மருத்துவமனைக்கு விடுமுறையான நாளில் தனியாகப் போய், பன்னிரண்டு மூச்சுகளையும் புதிதாகப் பதிந்தார். இந்த முறை என்னைக் கேட்கச் சொன்னார். தன் காதை நம்பவில்லை. நான் இரண்டு தடவை முழுக்கக் கேட்டேன். நீராவி, டின், அவ்வளவுதான். சுத்தம்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் முன்னால் எஞ்சின் ஒரு சுற்று வந்தது. மேட்டில் ஏறி, குகைக்குள் போய், ஸ்டேஷனில் நின்றது. சக்கரத்தோடு சத்தமும் நின்றது. பல்லுக்காரர் தலைவரைப் பார்த்தார்.

"வாந்தி எங்க?" என்றார் தலைவர்.

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா? அட என்னங்க நீங்க! யாரோ போன்ல படம் பிடிச்சு அனுப்பி, அது ஊரெல்லாம் சுத்துது. வாந்தி எஞ்சின் ஓடுமான்னு எனக்குத்தான் ஆயிரம் பேர் கேக்குறாங்க. அடுத்த தடவை ரெண்டு பங்கு கூட்டம் வரும்."

"போன தடவை அசிங்கம்னீங்க."

"இப்பவும் அசிங்கம்தான். ஆனா ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கே."

"தலைவரே, இப்ப சத்தம் சரியா இருக்கு. ஒரு சுத்துக்கு நாலு..."

"அதை யாருங்க கேக்குறா?" என்றார் தலைவர். "வாந்தி இருந்தா ஏத்துங்க. இல்லன்னா கம்பெனி அட்டை வாங்கிட்டு வாங்க. அவ்வளவுதான்."

அந்த நேரத்தில் பல்லுக்காரரின் முகத்தில் இருந்த அருவருப்பை நான் வேறு எந்த முகத்திலும் கண்டதில்லை. அடுத்தவர் வாயில் இருந்து எடுத்த பசையைத் தின்னச் சொன்னது போல இருந்தார். துண்டைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான், போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் தண்டவாளம் வளைந்து போகிற வழியை ஒரு முறை முழுக்கப் பார்த்தார். மேடு, குகை, மீன்தொட்டி, ஸ்டேஷன், குடை, பிரம்பு நாற்காலி.

"எந்த இடத்துல வரணும்?" என்று கேட்டார்.

"எங்க வேணா வரட்டும்."

"இடத்தை நானே பார்த்துக்கவா?"

"தாராளமா."

பார்வை நாளன்று உட்கார இடமில்லை. தலைவர் இஸ்திரி போட்ட சட்டையோடு குடைக்கு அடியில் நின்று வரவேற்புரை நிகழ்த்தினார். பல்லுக்காரரின் எஞ்சின் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"எங்க குழுவைப் பொறுத்தவரைக்கும், தரம்ங்கிறது..." என்றார் தலைவர்.

"உவ்வ்வெக்!"

தோட்டமே சிரிப்பில் அதிர்ந்தது. தலைவர் திரும்பிப் பார்த்து, சிரித்து, சமாளித்து, மறுபடியும் ஆரம்பித்தார். எஞ்சின் மேடு ஏறியது, குகைக்குள் போனது, எங்கும் குமட்டவில்லை. சுற்றி வந்து பிரம்பு நாற்காலிக்கு நேரே வந்ததும், தலைவரை ஒரு முறை பார்த்துச் சொல்வது போல, "உவ்வ்வெக்!"

எஞ்சினின் அடிவயிற்றில், பழைய பதிவிலிருந்து வெட்டி எடுத்த குமட்டலை மட்டும் விடுவதற்கு இன்னொரு கண்ணாடிக்குழல் சுவிட்ச். நாற்காலிக்கு நேரே, இரண்டு தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவில், சரளைக்கு அடியில் ஒரு காந்தம். வண்டி காந்தத்தைத் தாண்டும்போது மட்டும் குமட்டல் வரும். மற்றபடி சுத்தமான நீராவி. மூன்றாவது சுற்றில் குழந்தைகள் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்து, எஞ்சின் நெருங்க நெருங்கத் தலைவர் முகத்தையே பார்க்கத் தொடங்கினார்கள். தலைவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். பல்லுக்காரர் போகிற போக்கில் ஷூ கட்டுவது போலக் குனிந்து எழுந்தார். அடுத்த சுற்றில் குமட்டலும் நகர்ந்திருந்தது.

"என்னங்க இது?" என்று தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "வேற இடமே கிடைக்கலையா?"

"இடத்தை என்கிட்ட விட்டது நீங்கதானே? எடுத்துடச் சொன்னா இப்பவே எடுத்துடறேன்."

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் எஞ்சினைப் பார்த்தது. எடுக்கச் சொல்லவில்லை.

பல்லுக்காரர் அங்கே நிற்கவில்லை. தோட்டத்தின் கோடியில், மேட்டுக்கு அந்தப் பக்கம், யாரும் எட்டிப் பார்க்காத சரிவு ஒன்று உண்டு, பக்கத்தில் உரக்குழி. அழுகின புல் நாற்றம் அடிக்கும். அங்கே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் என் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். எஞ்சின் சரிவில் ஏறி வந்தது. ஃபுஸ்... ஃபுஸ்... ஃபுஸ்... ஃபுஸ்... உதட்டை மூடிக்கொண்டு, நாக்கு நுனியால் மூச்சுக்கு ஒன்றாகத் தன் பற்களைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார் என்பது கன்னம் அசைவதில் தெரிந்தது.

"கடி?" என்றார்.

"சரியா இருக்கு."

எஞ்சின் எங்களைத் தாண்டி இறங்கி மறைந்தது. சற்று நேரத்தில் அந்தப் பக்கம் இருந்து குமட்டலும், அதன் பின்னாலேயே சிரிப்பும் கேட்டன. பல்லுக்காரர் முகத்தைச் சுளித்து, உரக்குழிப் பக்கம் திரும்பிக் காறித் துப்பினார். பிறகு எஞ்சின் மறுபடியும் வருகிற திசையைப் பார்த்துக் காதைத் திருப்பி வைத்துக்கொண்டார்.